ஒரே கம்ப்யூட்டர், ஏகப்பட்ட நெட்வொர்க் அடாப்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் இன்றைக்கு ஒரு சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டால் லேன் போர்ட், வைஃபை, கரண்ட் போகும்போது கைகொடுக்கும் மொபைல் டெதரிங் (போன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குப் பகிர்வது), ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகும் தனிப் பாதை) என்று நெட்டுக்குப் போகும் வழி, அதாவது நெட்வொர்க் அடாப்டர், குறைந்தது மூன்று நான்காவது இருக்கும். நெட் நின்றால் எதில் கோளாறு என்று தெரியாமல் எல்லாவற்றையும் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுகிறோம். அப்படிப் பிடுங்குவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவற்றை, பக்கத்து வீட்டிலும் சொந்தக்காரர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை வைத்தே எழுதியிருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிக்கு முந்தைய கேள்வி.

கம்ப்யூட்டரில் லேன் போர்ட் ஒன்று, வைஃபை ஒன்று, அவ்வளவுதான். அடாப்டர் லிஸ்ட்டில் ஏழெட்டு காட்டுகிறதே, வைரஸ் ஏதாவது புகுந்துவிட்டதா?

பயப்பட வேண்டாம். அதில் பாதிக்கு மேல் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாமானே கிடையாது, ஏதோ ஒரு சாஃப்ட்வேர் தன் வசதிக்காக உண்டாக்கி வைத்தது. விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் சாஃப்ட்வேர்) போட்டிருந்தால் அதற்கென்று ஒரு அடாப்டர் வரும், அதன் முகவரி பெரும்பாலும் 192.168.56 என்று ஆரம்பிக்கும். அதே மாதிரி வேலைக்கான ஹைப்பர்-வி, டபிள்யூஎஸ்எல் இருந்தால் 'விஈதர்நெட்' என்று ஒன்று. விபிஎன் போட்டிருந்தால் 'டாப்' (TAP) என்ற பெயரில் ஒன்று இருக்கலாம். 'மைக்ரோசாஃப்ட் வைஃபை டைரக்ட் விர்ச்சுவல் அடாப்டர்' என்பது லேப்டாப் திரையை டிவிக்கு அனுப்புவதற்கும் ஹாட்ஸ்பாட் போடுவதற்கும் விண்டோஸே வைத்துக்கொள்வது. புளூடூத்துக்கும் ஒன்று, சிவப்புப் பெருக்கல் குறியோடு சும்மா உட்கார்ந்திருக்கும்.

எது முக்கியம், எதை விட்டுவிடலாம் என்று கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: கமாண்ட் பிராம்ப்டில் (ஸ்டார்ட் மெனுவில் cmd என்று தேடினால் வரும் கறுப்புத் திரை) ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஒவ்வொரு அடாப்டருக்கும் கீழே 'டீஃபால்ட் கேட்வே' (வெளியே போகும் வாசல், வீட்டில் பெரும்பாலும் ரவுட்டரின் முகவரி) என்று ஒரு வரி வரும். அது காலியாக இருக்கும் அடாப்டர் வழியாக இன்டர்நெட் போகாது, ஆகவே அது உங்கள் பிரச்சினைக்குக் காரணமாக இருக்கும் வாய்ப்பும் குறைவு. விபிஎன் மட்டும் விதிவிலக்கு, அதைப் பிறகு பார்ப்போம்.

லேன் கேபிளும் சொருகியிருக்கிறேன், வைஃபையும் ஆன். நெட் எதில் போகும்?

இதைப் புரிந்துகொண்டால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகவே தீர்ந்துவிடும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கம்ப்யூட்டர் குழம்பிப்போய் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று அனுப்புவதில்லை. அதனிடம் ரூட்டிங் டேபிள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் (டேட்டாத் துண்டும்) அதைப் பார்த்துத்தான் போகும். நீங்களும் பார்க்கலாம்: கமாண்ட் பிராம்ப்டில் ரூட் பிரிண்ட் (route print) என்று இரண்டு வார்த்தையாக, நடுவில் இடைவெளி விட்டு அடியுங்கள். நீளமாக ஓடும், மிரள வேண்டாம். ஐபிவி4 என்று தலைப்புப் போட்ட பகுதியில் மேலேயே 0.0.0.0 என்று தொடங்கும் வரிகள் மட்டும் போதும். உதாரணத்துக்கு இப்படி இருக்கும்:

0.0.0.0   0.0.0.0   192.168.1.1   192.168.1.34   25
0.0.0.0   0.0.0.0   192.168.1.1   192.168.1.51   35

மூன்றாவது எண் உங்கள் ரவுட்டர். நான்காவது எந்த அடாப்டர் என்று காட்டும் முகவரி. கடைசியில் இருப்பது மெட்ரிக். எது சின்ன எண்ணோ அதுதான் ஜெயிக்கும். மேலே உள்ளதில் 34இல் முடியும் லேன் கேபிள்தான் வேலை செய்கிறது, வைஃபை சும்மா காத்திருக்கிறது.

இந்த எண்ணை யார் போடுகிறார்கள்? நீங்கள் எதையும் தொடாதவரை விண்டோஸே, இணைப்பின் வேகத்தைப் பார்த்துப் போடும். 1 ஜிகாபிட்டில் ஓடும் கேபிளுக்கு 25, 100 மெகாபிட்டில் ஓடும் கேபிளுக்கு 35. வைஃபைக்குத் தனிக் கணக்கு: லிங்க் 500 மெகாபிட்டுக்கு மேல் இருந்தால் 30, 200க்கு மேல் என்றால் 35, வேகம் குறையக் குறைய எண் ஏறிக்கொண்டே போகும். இங்கே ஒன்றைக் கவனித்தீர்களா? நல்ல வைஃபை 30, 100 மெகாபிட்டில் நிற்கும் கேபிள் 35. கேபிள் சொருகியும் வைஃபையிலேயே போகிறது என்று புலம்புகிறவர்களில் பலர் வீட்டில் நடப்பது இதுதான்.

சரி, என் கேபிள் ஏன் 100இல் நிற்கிறது? கடைக்காரர் ஜிகாபிட் கேபிள் என்றுதானே சொல்லிக் கொடுத்தார்?

முதலில் நிஜமாகவே 100இல்தான் நிற்கிறதா என்று பாருங்கள். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஈதர்நெட்டைத் திறந்தால் 'லிங்க் ஸ்பீட்' என்று இருக்கும். 1000/1000 என்றால் பிரச்சினை இல்லை. 100/100 என்றால் மூன்று இடத்தில் ஏதோ ஒன்று: ரவுட்டரின் போர்ட்டே 100தான் (விலை குறைந்த ரவுட்டர்களில் இன்னமும் அப்படித்தான்), கம்ப்யூட்டரின் போர்ட் பழையது, இல்லையென்றால் கேபிள்.

கேபிளுக்குள் எட்டுக் கம்பி, நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். 100க்குத் தேவைப்படாத இரண்டு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால் நெட் நின்றுவிடாது, பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும், யாருக்கும் தெரியாது. ஃபிளாட்டில் ஹாலிலிருந்து பெட்ரூமுக்குக் கேபிள் இழுக்கும்போது ஜன்னல் கதவுக்கு அடியில் விட்டு நசுக்கிவிடுவார்கள், அது ஒரு காரணம். கேபிள் முனையில் கிளிப் (போர்ட்டில் சொருகும் பிளாஸ்டிக் பிளக்) அடிக்கும்போது கம்பி ஒன்று முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நிற்பது இன்னொன்று. பெசன்ட் நகர், திருவான்மியூர், பாலவாக்கம் மாதிரி கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று. போர்ட்டுக்குள் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள்: தங்க நிறத்தில் பளபளவென்று இருக்க வேண்டிய எட்டு ஊசிகளில் ஒன்றிரண்டு மட்டும் கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும். கேபிளின் கிளிப்பிலும் அதே கதை. கிளிப்பை வெட்டிவிட்டுப் புதிதாக அடித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும், கேபிளையே மாற்ற வேண்டியதில்லை. மாற்றினாலும் கேட் 5இ போதும், 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். கேட் 8 வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கேபிள்தான் எப்போதும் முதலில் வர வேண்டும். கட்டாயப்படுத்த முடியுமா?

முடியும். ஸ்டார்ட் மெனுவில் 'வியூ நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸ்' என்று தேடித் திறங்கள். ஈதர்நெட்டின் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அதில் 'இன்டர்நெட் புரோட்டோகால் வெர்ஷன் 4' என்பதைத் தேர்ந்தெடுத்து மறுபடி பிராப்பர்ட்டீஸ், பிறகு அட்வான்ஸ்டு. அங்கே கீழே 'ஆட்டோமேட்டிக் மெட்ரிக்' என்று ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு 10 என்று போடுங்கள். வைஃபைக்கு அதே மாதிரி 50. வெர்ஷன் 6க்கும் இதையே செய்ய மறக்காதீர்கள். இப்போது நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் ஐபிவி6 (புதிய வகை முகவரி, அதுதான் வெர்ஷன் 6) ஓடுகிறது, 4க்கு மட்டும் மாற்றிவிட்டு ஏன் இன்னும் வைஃபையில் போகிறது என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

இன்னொரு விஷயம். கேபிள் அடாப்டருக்கு ஐபி முகவரியைக் கையால் நிரந்தரமாகப் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் ரூட் பிரிண்ட்டில் அதன் மெட்ரிக் 25க்குப் பதில் 281 என்று தெரியலாம். கையால் போட்ட கேட்வேக்கு விண்டோஸ் தன் பங்குக்கு 256 கூட்டிக்கொள்ளும், அதனால் கேபிள் தோற்று வைஃபை ஜெயிக்கும். அதே அட்வான்ஸ்டு பக்கத்தில் கேட்வேயைத் திருத்தி அதற்கும் மெட்ரிக் 1 கொடுத்தால் தீர்ந்தது. அதைவிட நல்ல வழி, கம்ப்யூட்டரில் தானாக ஐபி வாங்கும்படி விட்டுவிட்டு, நிரந்தர முகவரியை ரவுட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும்) பகுதியில் ஒதுக்கிவைப்பது.

பிராட்பேண்ட் போய்விட்டது என்று மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தேன். அப்போதும் நெட் வரவில்லை. போனில் மட்டும் நன்றாக வருகிறது.

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான், மழைக்காலத்தில் தினமும் வரும்.

ஃபைபர் எங்கோ தெருவில் அறுந்திருக்கிறது, ஆனால் வீட்டில் ரவுட்டருக்குக் கரண்ட் இருக்கிறது. ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே உள்ள கேபிள் முழுசாக இருக்கிறது. விண்டோஸ் பார்ப்பது அந்தக் கேபிளை மட்டும்தான். லிங்க் இருக்கிறது, மெட்ரிக் 25 என்று அதே வழியில் அனுப்பிக்கொண்டே இருக்கும். ரவுட்டருக்கு அப்பால் பாதை இல்லை என்பது வழியைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் கணக்கிலேயே வராது. ஹாட்ஸ்பாட் வைஃபை பாவம் 45 என்று ஓரமாக நிற்கும்.

லேன் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள், அல்லது நெட்வொர்க் கனெக்‌ஷன்ஸில் ஈதர்நெட்டை டிசேபிள் செய்யுங்கள். அடுத்த நொடி ஹாட்ஸ்பாட் வேலை செய்யும். பிராட்பேண்ட் திரும்பியதும் எனேபிள் செய்ய மறக்காதீர்கள், இல்லையென்றால் மொபைல் டேட்டா முழுதும் தீர்ந்த பிறகுதான் தெரியும். அதிலும் விண்டோஸ் அப்டேட் ஒன்று ஹாட்ஸ்பாட்டில் இறங்க ஆரம்பித்தால் அன்றைய டேட்டாவுக்கு முழுக்குத்தான். கம்ப்யூட்டரில் அந்த ஹாட்ஸ்பாட் வைஃபையின் செட்டிங்ஸில் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்து வையுங்கள், பெரிய அப்டேட்களைப் பெரும்பாலும் தள்ளிப்போடும்.

ஜூம் கால் நடுவில் மாற்றினால் கால் துண்டிக்கத்தான் செய்யும், அல்லது கொஞ்ச நேரம் உறைந்து நின்று மறுபடி சேரும். அடாப்டர் மாறினால் உங்கள் முகவரியே மாறிவிடுகிறது, பழைய முகவரிக்கு நடந்துகொண்டிருந்த உரையாடல் அப்படியே புதியதற்குத் தாவாது.

'கனெக்டட், நோ இன்டர்நெட்' என்று காட்டுகிறது. எங்கிருந்து ஆரம்பிப்பது?

கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் சுவரில் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியைப் பாருங்கள். அதில் 'எல்ஓஎஸ்' (LOS) என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தால் அல்லது சிமிட்டினால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரில் எதைப் புரட்டிப் போட்டாலும் பயனில்லை, கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டு ஹாட்ஸ்பாட்டுக்குப் போய்விடுங்கள்.

விளக்கு ஒழுங்காக இருந்தால் அடாப்டரின் ஐபி முகவரி. 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. கேபிள், ரவுட்டர் போர்ட், இல்லையென்றால் ரவுட்டரே தொங்கிவிட்டது. ரவுட்டரை அணைத்து அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். முகவரி 192.168 என்று ஒழுங்காக இருந்தால், கமாண்ட் பிராம்ப்டில் முதலில் ரவுட்டரை பிங் செய்யுங்கள் (ping என்று அடித்து, இடைவெளி விட்டு முகவரியை அடித்தால் அங்கிருந்து பதில் வருகிறதா என்று காட்டும்), பிறகு 8.8.8.8, பிறகு ஏதாவது ஒரு வெப்சைட்டின் பெயர். ரவுட்டரே பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு வீட்டுக்குள். ரவுட்டர் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை என்றால் கோளாறு வெளியே. இரண்டும் சொல்லிப் பெயர் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு டிஎன்எஸ்ஸில், அதாவது வெப்சைட் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவையில். அடாப்டரின் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள்.

இரண்டு அடாப்டர் இருக்கும் கம்ப்யூட்டரில் இந்தச் சோதனையைச் செய்யும்போது ஒன்றை டிசேபிள் செய்துவிட்டுத்தான் செய்ய வேண்டும். இல்லையென்றால் பதில் எந்த வழியாக வந்தது என்று தெரியாது.

நெட் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே 'நோ இன்டர்நெட்' என்று காட்டுவதும் உண்டு. விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைத் திறந்து பார்த்துத்தான் அந்த முடிவுக்கு வருகிறது. விபிஎன்னோ விளம்பரத் தடுப்பானோ அதை மறித்தால் பொய்யாகச் சொல்லும். கண்டுகொள்ளாதீர்கள்.

வீட்டில் இரண்டு பிராட்பேண்ட். ஒன்று கேபிளில், ஒன்று வைஃபையில். தனித்தனியாகப் போட்டால் ஓடுகிறது, சேர்த்துப் போட்டால் படுத்துவிடுகிறது.

இரண்டு ரவுட்டரின் முகவரியும் 192.168.1.1 என்று இருக்கும், பந்தயம் கட்டலாம். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? அதே கதைதான். 192.168.1.1க்கு அனுப்பு என்றால் எந்த 192.168.1.1 என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஆளில்லை.

ஒரு ரவுட்டருக்குள் போய் அதன் லேன் முகவரியை 192.168.5.1 என்று மாற்றுங்கள். கடைசி எண்ணை அல்ல, மூன்றாவது எண்ணை மாற்ற வேண்டும், கவனம். மாற்றியதும் அந்த ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆகும், அதனோடு சேர்ந்திருந்த எல்லாம் புது முகவரி வாங்கிக்கொள்ளும். பிரிண்டர், சிசிடிவி பெட்டி மாதிரி நிரந்தர முகவரி போட்டு வைத்தவற்றை மட்டும் நீங்களே போய் மாற்ற வேண்டும்.

அப்படியானால் 100 பிளஸ் 100, எனக்கு 200 கிடைக்குமா?

கிடைக்காது. ஒரு நேரத்தில் மெட்ரிக் குறைந்த வழிதான் ஓடும், மற்றது ஸ்டெப்னி. இரண்டு இணைப்பையும் ஒரே சமயத்தில் பயன்படுத்த இரண்டு வான் போர்ட் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சொருகும் போர்ட்) உள்ள ரவுட்டர் வாங்கலாம், அதுகூட வீட்டில் உள்ள ஆட்களை இரண்டு பக்கமும் பிரித்து அனுப்புமே தவிர ஒற்றை டவுன்லோடை 200இல் இழுக்காது. அப்படி இழுக்க வேண்டுமென்றால் வெளியே ஒரு சர்வர் உட்கார்ந்து இரண்டையும் கோர்க்க வேண்டும், அதற்கு மாதச் சந்தா. என்னைக் கேட்டால், அந்தக் காசை ஒரே இணைப்பின் பெரிய பிளானில் போட்டுவிட்டு, இரண்டாவதை மலிவான பிளானாக அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

'பிரிட்ஜ் கனெக்‌ஷன்ஸ்' என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறதே, அதைப் போட்டால்?

தொடாதீர்கள். அது இரண்டு நெட்வொர்க்குகளை ஒன்றாக்குவதற்கு, வேகத்தைக் கூட்டுவதற்கு அல்ல. ஒரே ரவுட்டரோடு சேர்ந்திருக்கும் இரண்டு அடாப்டரைப் பிரிட்ஜ் செய்தால் பாக்கெட் வட்டமடித்து வீடு முழுக்க நெட் திணறும் நிலைமைகூட வரலாம். ஏற்கெனவே யாராவது போட்டிருந்தால் 'நெட்வொர்க் பிரிட்ஜ்' என்று ஒரு ஐகான் இருக்கும், அதை ரைட் கிளிக் செய்து நீக்கிவிடுங்கள்.

ஆபீஸ் விபிஎன் போட்டால் வீட்டுப் பிரிண்டர் காணாமல் போகிறது. விபிஎன்னை எடுத்த பிறகும் சில நேரம் நெட்டே வருவதில்லை. ஏன்?

ஓஎம்ஆர் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டிலிருந்து லாகின் செய்பவர்கள் எல்லாரும் கேட்பது. முதல் பாதிக்குப் பதில்: விபிஎன் தன்னையே டீஃபால்ட் வழியாக்கிக்கொள்கிறது, உங்கள் வீட்டு நெட்வொர்க்கையும் மூடிவிடுமாறு ஆபீஸில் அமைத்திருப்பார்கள். அது அவர்களுடைய பாதுகாப்பு விதி, உங்கள் அடாப்டரில் எதை மாற்றினாலும் மாறாது. ஐடி டீமிடம் 'ஸ்பிளிட் டனல்' (ஆபீஸ் வேலை மட்டும் விபிஎன்னில், மற்றது வீட்டு நெட்டில் போகும் ஏற்பாடு) கிடைக்குமா என்று கேட்கலாம், பெரும்பாலும் முடியாது என்பார்கள். பிடிஎஃப் ஆக்கி உங்கள் சொந்த போனிலிருந்து பிரிண்ட் எடுக்கலாம் என்று பார்த்தால், ஆபீஸ் ஃபைலை அப்படி வெளியே கொண்டுபோக அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு தலைவலியும் உண்டு. ஆபீஸின் உள் நெட்வொர்க்கும் 192.168.1 என்றே இருந்துவிட்டால் சில சர்வர்கள் மட்டும் திறக்காது. வீட்டு ரவுட்டரை 192.168.5.1 ஆக்கினால் அதுவும் தீரும்.

இரண்டாவது பாதி: விபிஎன் ஒழுங்காக மூடாமல் லேப்டாப்பை ஸ்லீப்பில் போட்டுவிட்டால் அது போட்டுவைத்த வழியும் டிஎன்எஸ்ஸும் அப்படியே தங்கிவிடும். விபிஎன்னை மறுபடி இணைத்து, முறையாக டிஸ்கனெக்ட் கொடுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். இல்லையென்றால் ரீஸ்டார்ட். அதற்கும் மசியாவிட்டால் செட்டிங்ஸில் 'பிராக்ஸி' (நெட்டை வேறொரு சர்வர் வழியாக அனுப்பும் அமைப்பு) ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள், 'கில் ஸ்விட்ச்' என்ற வசதி விபிஎன்னில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆனில் இருந்தால் விபிஎன் இல்லாத நேரத்தில் நெட்டையே விடாது.

விபிஎன் இல்லாமலேயே பிரிண்டர் தெரியவில்லை. நேற்று வரை தெரிந்தது.

பெரும்பாலும் இரண்டில் ஒன்று. புது அடாப்டர் போட்டதும் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து 'பப்ளிக்' ஆக்கியிருக்கும், 'பிரைவேட்' ஆக்குங்கள். அல்லது பிரிண்டர் பிராட்பேண்ட்காரர் கொடுத்த பெட்டியின் வைஃபையிலும் கம்ப்யூட்டர் நீங்கள் தனியாக வாங்கிய ரவுட்டரின் வைஃபையிலும் இருக்கும். ஐபி முகவரிகளின் முதல் மூன்று எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பிரிண்டரைக் கெஸ்ட் வைஃபையில் சேர்த்து வைத்திருப்பவர்களும் உண்டு.

இடி இடித்ததும் லேன் போர்ட் செத்துவிட்டது. மதர்போர்டே மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் இது ஏகப்பட்ட பேருக்கு நடக்கும். ஃபைபர் கண்ணாடி இழை, அதில் மின்சாரம் வராது என்று நினைத்து அசட்டையாக இருப்போம். ஆனால் ஃபைபர் பெட்டியின் பவர் அடாப்டர் சுவரில்தானே சொருகியிருக்கிறது? அந்த வழியாக வரும். சில ஏரியாவில் ஃபைபர் மொட்டைமாடிப் பெட்டியோடு நின்று, அங்கிருந்து செம்புக் கம்பி லேன் கேபிள் மாடிமாடியாக இறங்கும். அது இன்னும் ஆபத்து. இடி ஆரம்பிப்பதற்கு முன்பே பவர் அடாப்டரையும் லேன் கேபிளையும் இரண்டையும் கழற்றி வைப்பதுதான் ஒரே நம்பகமான வழி.

செத்த போர்ட்டுக்குப் பதில் யூஎஸ்பி-லேன் அடாப்டர் ஒன்று வாங்குங்கள். ரிச்சி தெருவில் அடுக்கடுக்காகக் கிடைக்கும். 'எதையாவது எடுத்துட்டுப் போங்க சார், எல்லாம் ஒண்ணுதான்' என்பார்கள், ஒன்றில்லை. யூஎஸ்பி 3.0 என்றும் ஜிகாபிட் என்றும் இரண்டும் எழுதியிருக்க வேண்டும். 2.0 என்றால் கூடிப்போனால் 480 மெகாபிட்தான் அதன் வழியாகவே போகும், நிஜத்தில் அதைவிடக் குறைவு. உள்ளே ரியல்டெக் ஆர்டிஎல்8153 சிப் உள்ளதாக இருந்தால் விண்டோஸ், லினக்ஸ் எதிலும் பெரும்பாலும் சிரமம் இருக்காது. பழைய போர்ட் முழுதாகச் சாகாமல் இருந்தால் விட்டுவிட்டு இணையும், அப்போதெல்லாம் வழி மாறிக்கொண்டே இருக்கும், அதை பயாஸில் (விண்டோஸ் ஆரம்பிக்கும் முன் திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) போய் ஒரேயடியாக அணைத்துவிடுங்கள்.

வைஃபை டாங்கிள் சொருகினால் சிடி டிரைவ் என்று காட்டுகிறது!

அது டிரைவரை (கருவியை இயக்க விண்டோஸுக்குத் தேவையான சாஃப்ட்வேர்) தனக்குள்ளேயே வைத்திருக்கும் டாங்கிள். அந்த 'சிடி'யைத் திறந்து உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டினால் பிறகு வைஃபையாக மாறிவிடும்.

டாங்கிள் பற்றி வேறு இரண்டு விஷயம். விரல் நகம் அளவு இருக்கும் மலிவான டாங்கிள்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். அடுக்குமாடியில் ஒரு ஹாலில் நின்றாலே இருபது வீட்டு வைஃபை பெயர் தெரியும், எல்லாம் அந்த 2.4இல் 1, 6, 11 என்ற மூன்று சேனலுக்குள் இடித்துக்கொண்டு நிற்கும். 5 கிகாஹெர்ட்ஸும் பிடிக்கும் டாங்கிளாக வாங்குங்கள். அப்புறம், டாங்கிளை ஹார்ட் டிஸ்க் சொருகியிருக்கும் நீல நிற யூஎஸ்பி 3.0 போர்ட்டுக்குப் பக்கத்தில் சொருகாதீர்கள். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது கிளம்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் விழுகிறது என்று இன்டெல் 2012இலேயே அளந்து வெளியிட்டது. ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு டாங்கிளை மேஜைமேல் தள்ளி வைத்தால் போதும்.

நிரந்தர ஐபி போடப் போனால் 'இந்த முகவரி ஏற்கெனவே வேறு அடாப்டருக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது' என்கிறது. அப்படி ஒன்றே இல்லையே?

இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல். பழைய கார்டைக் கழற்றினாலும் விண்டோஸ் அதன் நினைவை வைத்துக்கொண்டிருக்கும். உங்கள் அடாப்டர் பெயர் 'ஈதர்நெட் 3' என்று வருவதும் பெரும்பாலும் அதனால்தான். டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவுக்குப் போய் 'ஷோ ஹிடன் டிவைசஸ்' கொடுங்கள். மங்கலாகத் தெரியும் பழைய நெட்வொர்க் கார்டுகளை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். 'வான் மினிபோர்ட்' என்று வருபவற்றைத் தொடாதீர்கள், அவை விண்டோஸுக்குச் சொந்தமானவை.

லேப்டாப் தூங்கி எழுந்தால் அடாப்டர் மட்டும் எழுவதில்லை.

டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் பிராப்பர்ட்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் பகுதி, 'மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம்' என்ற பொருளில் இருக்கும் முதல் டிக்கை எடுத்துவிடுங்கள். அந்தப் பகுதியே இல்லாத லேப்டாப்களில் தயாரிப்பாளர் தளத்திலிருந்து புது டிரைவர் போடுவதுதான் வழி.

ஒரேயடியாக 'நெட்வொர்க் ரீசெட்' அடித்துவிட்டால் என்ன?

அடிக்கலாம், ஆனால் கடைசியில். எல்லா அடாப்டரையும் நீக்கிவிட்டுத் திரும்பப் போடும். சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள், நீங்கள் மாற்றிய மெட்ரிக், நிரந்தர ஐபி எல்லாம் போய்விடும். விபிஎன் சாஃப்ட்வேரை மறுபடி நிறுவ வேண்டிவரலாம், ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி டீமைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். அடாப்டரின் டிரைவரை முன்கூட்டியே ஒரு பென்டிரைவில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது, டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட் வர டிரைவர் வேண்டும் என்று மாட்டிக்கொள்ளாமல் இருக்க.

லினக்ஸ், மேக்?

மேக்கில் சுலபம்: நெட்வொர்க் செட்டிங்ஸில் 'செட் சர்வீஸ் ஆர்டர்' என்று இருக்கும், எது முதலில் வேண்டுமோ அதை மேலே இழுத்து வையுங்கள். உபுண்டு மாதிரி நெட்வொர்க்மேனேஜர் ஓடும் லினக்ஸில் கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று இருக்கும், எனவே கேபிள் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் அதுதான் ஜெயிக்கும். டெர்மினலில் ஐபி ரூட் (ip route) என்று அடித்தால் டீஃபால்ட் என்று தொடங்கும் வரிகளில் இதைப் பார்க்கலாம்.

இவ்வளவும் பார்த்தாச்சு. கஸ்டமர் கேரில் 'உங்கள் கம்ப்யூட்டரில்தான் பிரச்சினை' என்கிறார்கள். என்ன சொல்வது?

வைஃபையை அணைத்து, விபிஎன்னை மூடி, ஒரே ஒரு லேன் கேபிளை நேராக அவர்களுடைய பெட்டியிலிருந்து லேப்டாப்புக்குச் சொருகி, அந்த நிலையில் மூன்று விஷயத்தைக் குறித்து வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்: எல்ஓஎஸ் விளக்கு எப்படி இருக்கிறது, பெட்டியை பிங் செய்தால் பதில் வருகிறதா, 8.8.8.8 வருகிறதா. 'பெட்டி பதில் சொல்கிறது, அதற்கு அப்பால் போகவில்லை, வேறொரு லேப்டாப்பிலும் இதே நிலை' என்று சொன்னால், வழக்கமான 'ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க மேடம்' கட்டத்தைத் தாண்டி ஆள் அனுப்பும் பேச்சுக்குச் சீக்கிரம் வருவார்கள். கம்ப்ளெயின்ட் நம்பரை வாங்காமல் போனை வைக்காதீர்கள். வருகிற ஆள் உங்கள் ரவுட்டரைக் கழற்றிவிட்டுத் தன் லேப்டாப்பில் சோதித்தால், போகும் முன் மறுபடி உங்கள் ரவுட்டரை மாட்டி நெட் வருகிறதா என்று அவர் முன்னாலேயே பார்த்துவிடுங்கள். சில இணைப்புகள் ஒரே ஒரு கருவியின் மேக் முகவரியை (ஒவ்வொரு அடாப்டருக்கும் உள்ள தனி அடையாள எண், ஆப்பிள் மேக் அல்ல) மட்டும் ஏற்றுக்கொள்ளும்படி பூட்டியிருக்கும், அவர் லேப்டாப்புக்குத் திறந்த பூட்டை உங்கள் ரவுட்டருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் அவர் கிளம்ப வேண்டும்.